உழவரும் கணக்கரும் கண்ட உள விடுதலை

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



விடுதலை என்னும் சொல்லை மேடைகளில் நாம் பலகாலும் கேட்டிருக்கின்றோம். பிறர் எம்மீது செலுத்தும் ஆதிக்கம் நீங்குவது ஒரு விடுதலை. அது வேண்டியதே. ஆயினும், எம் சினமும் அச்சமும் ஆசையும் எம்மை ஆட்டிப்படைக்கும் அடிமைத்தனம் பிறிதொன்று உளது. அதனை எந்தச் சட்டமும் நீக்காது. எந்த உடன்படிக்கையும் தீர்க்காது. அதிலிருந்து விடுபடத் தியானம் ஒரு வழி என்பதையும், அவ்வழிச் செல்லத் துறவு பூணவோ மதம் மாறவோ வேண்டியதில்லை என்பதையும் இன்று எடுத்துரைக்க விழைகின்றோம்.

"தியானம் காவி உடுத்தோருக்கு உரியதன்றோ?" என வினவுவோர் உளர். அவர்களுக்குப் பர்மா நாட்டு வரலாறு ஒன்றைக் கூறுவோம்.

இரங்கூனுக்குத் தெற்கே, ஆற்றின் அக்கரையிலுள்ள உழவர் கிராமத்தில் 1873ஆம் ஆண்டு பிறந்தவர் சயா தெட்ஜி. இளமையிலேயே தந்தையை இழந்தவர். மாட்டு வண்டி ஓட்டியும், அரிசி ஆலையில் நெற்கணக்குப் பார்த்தும் பிழைத்தவர். 1903ஆம் ஆண்டளவில் பரவிய வாந்திபேதி அவருடைய பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. அத்துயருக்கு விடை தேடிப் புறப்பட்டவர், லெடி சயாடோ என்னும் பேரறிஞரான துறவியிடம் பயின்றார். அத்துறவியோ, பிறருக்குக் கற்பிக்கும் பணியை இந்த உழவரிடமே ஒப்படைத்தார்.

அவ்வுழவரிடம் 1937இல் பயின்றவர் ஊ பா கின். அவர் அரசாங்கக் கணக்குக் காரியாலயத்தில் எழுதுவினைஞராகத் தொடங்கி உயர்ந்தவர். 1948இல் பர்மா சுதந்திரம் பெற்றபோது அந்நாட்டின் முதலாவது கணக்காளர் நாயகமானார். 1952இல் இரங்கூனில் தியான நிலையமொன்றை நிறுவினார். ஆயினும் அரச சேவையை அவர் கைவிட்டாரல்லர். 1967 வரை அதிலே இருந்தார்.

அவரை 1955இல் நாடி வந்தவர் பர்மாவிற் பிறந்த இந்திய வணிகர் கோயங்கா. ஒற்றைத் தலையிடியால் வருந்தி, மோர்பின் ஊசியை நம்பி வாழ்ந்தவர். தலையிடி தீர்வதற்காக மட்டும் வருவதாயின் வரவேண்டாம் என்றார் ஆசான். இந்துவான கோயங்காவுக்கோ, தம்மை மதம் மாற்றிவிடுவார்களோ என்ற ஐயம் இருந்தது. ஒழுக்கம், மன ஒருமை, தெளிந்த அறிவு ஆகிய மூன்றையன்றி வேறெதுவும் கற்பிப்பதில்லை என்ற விடையே அவரைப் பயிலச் செய்தது. 1969இல் இந்தியா சென்று அவர் கற்பிக்கலானார். 1994இல் தில்லி திகார்ச் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே பயிற்சியில் அமர்ந்தனர். புறத்தே பூட்டு, அகத்தே ஒரு கதவு திறந்தது!

அப்பயிற்சிதான் யாது? பத்து நாட்கள் தங்கிப் பயிலல், பெரும்பகுதியும் மௌனம், கட்டணமில்லை. மந்திரமில்லை, உருவமில்லை. முதல் மூன்று நாட்களும் மூக்கின் வாயிலில் வந்து போகும் மூச்சை நோக்குதல். பின்னர் தலை முதல் கால் வரை உடலில் எழும் உணர்ச்சிகளை நோக்குதல். வாய்க்காலில் ஓடும் நீரை வரம்பில் நின்று பார்ப்பவன் போல, இன்பத்தைப் பற்றாமலும் துன்பத்தை வெறுக்காமலும் பார்த்திருத்தல். எழுந்தது மறைகிறது என்பதைத் தன் உடலிலேயே கண்டவன், சினம் எழுந்த கணமே அதற்கு அடிமையாகான்.

மூச்சை நோக்குதல் எமக்கும் முற்றிலும் புதியதன்று. திருமந்திரம் மூச்சின் ஒழுங்கை விரித்துரைக்கின்றது. ஆங்கே மூச்சை ஆளுதல். ஈண்டு அதனை உள்ளவாறே அறிதல். இம்முறை பௌத்த மரபில் வளர்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மதத்தின் பெயரால் செலுத்தப்படும் அதிகாரம் வேறு. மனத்தை அறியும் கலை வேறு. முன்னதை எதிர்ப்போர் பின்னதை இழக்க வேண்டுமோ? அமெரிக்காவில் ஜோன் கபட்-சின் 1979இல் தொடங்கிய பயிற்சி, எம்மதச் சார்புமின்றி, நீங்கா நோவுடைய நோயாளருக்கு மருத்துவமனையிலேயே அளிக்கப்பட்டது.

இனி, முக்கியமான ஐயம் ஒன்று. "மனம் அமைதியுற்றால் அநீதியையும் பொறுத்துப் போவோமன்றோ?" என்பர் சிலர். அமைதி வேறு, அடங்கிப்போதல் வேறு. சினத்தால் பேசுபவனை எதிரி எளிதிற் சீண்டிவிடலாம். அச்சத்தால் வாழ்பவனை விலைக்கு வாங்கலாம். தன்னை ஆள்பவனை இரண்டும் செய்தல் அரிது. உரிமை கேட்பவனுக்கு அமைந்த மனம் குறைபாடன்று, கருவியே.

எச்சரிக்கை ஒன்றும் கூறல் வேண்டும். தியானம் மருந்துக்கு மாற்றன்று. கடும் மனநோயுடையோர் வைத்தியரைக் கேளாது நீண்ட பயிற்சியில் இறங்குதல் கூடாது. அல்லாதோர், நாளும் காலையில் பத்து நிமிடம், வயலுக்கோ கந்தோருக்கோ புறப்படுமுன், மூச்சை நோக்கி அமர்ந்து பார்க்கட்டும். மனம் ஓடும், ஓடியதை அறிந்து மீண்டும் மூச்சுக்குத் திருப்புதலே பயிற்சி.

ஏர் பிடித்த கையும் பேரேடு எழுதிய கையும் பேணி வளர்த்த கலை இது. எம் கைகளுக்கும் அது எட்டாததன்று. நாட்டில் விடுதலையை நாடும் நாம், நெஞ்சிலும் அதனை நாடுவோமாக.