வெட்டினாலும் கலையாத கட்டு

வீட்டில் சீட்டுக்கட்டு இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இது காதால் மட்டும் கேட்கிற விஷயம் இல்லை.

மேடையில் மாயவித்தைக்காரர் கட்டை நீட்டுகிறார். பார்வையாளர் ஒருவர் தனக்குப் பிடித்த இடத்தில் பிரித்து, அங்கிருந்து ஒரு சீட்டை உருவிக்கொள்கிறார். "உங்கள் கையில் இருப்பது இஸ்பேடு ஏழு" என்கிறார் வித்தைக்காரர். கைவேகம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கைக்கு அங்கே வேலையே இல்லை. 52 சீட்டையும் முன்கூட்டியே ஒரு வரிசையில் அடுக்கி எடுத்து வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அந்த வரிசை இது. ஒவ்வொரு சீட்டும் முந்தையதைவிட மூன்று கூடுதல். இனம் கிளாவர், ஆட்டின், இஸ்பேடு, டைமன் என்று சுற்றிச் சுற்றி வரும். கிளாவர் ஏஸ், ஆட்டின் நாலு, இஸ்பேடு ஏழு, டைமன் பத்து, பிறகு கிளாவர் ராஜா. ஜாக்கிக்கு 11, ராணிக்கு 12, ராஜாவுக்கு 13. கூட்டுத்தொகை 13-ஐத் தாண்டினால் 13-ஐக் கழித்துவிடுங்கள். உருவிய சீட்டுக்கு மேலே இருந்த பகுதியைக் கட்டின் அடியில் சேர்க்கும்போது, அடிச்சீட்டை ஒரு கணம் பார்த்தால் போதும். அது ஆட்டின் நாலு என்றால், எடுத்தவர் கையில் இருப்பது இஸ்பேடு ஏழேதான்.

அமெரிக்க மேடைக் கலைஞர் சை ஸ்டெபின்ஸின் பெயரால் இந்த அடுக்கு பிரபலமாயிற்று. ஆனால், மூன்று மூன்றாய்க் கூட்டும் இந்த உத்தி 1593-இல் இத்தாலியில் ஹொராத்தியோ கலாஸோ வெளியிட்ட சிறு நூலிலேயே இருக்கிறது. நானூறு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்த ரகசியம்!

"கட்டை வெட்டினால் வரிசை குலைந்துவிடாதா?" என்று கேட்பீர்கள். குலையாது. முடிச்சுப் போட்ட மணிமாலையை எந்த மணியைப் பிடித்துத் தூக்கினாலும் கோத்த வரிசை மாறுமா? அப்படித்தான் இதுவும். எத்தனை தடவை வெட்டினாலும் ஆரம்பம்தான் மாறும், வரிசை மாறாது.

கலைத்தால்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. கறுப்பு, சிவப்பு, கறுப்பு, சிவப்பு என்று கட்டு முழுவதையும் மாற்றி மாற்றி அடுக்குங்கள். மேலிருந்து ஒவ்வொன்றாக மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே வந்து, பாதி வாக்கில் நிறுத்துங்கள். எண்ண வேண்டாம். இப்போது இரண்டு குவியல். இரண்டின் ஓரங்களையும் விரலால் சரசரவென்று விட்டு, ஒன்றுக்குள் ஒன்று புகுமாறு ஒரே ஒரு முறை கலையுங்கள். நேர்த்தியாக வராவிட்டாலும் பரவாயில்லை. பிறகு மேலிருந்து இரண்டிரண்டாக எடுங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. கடைசி ஜோடி வரை!

கலிபோர்னியாவில் மாணவராக இருந்த நார்மன் கில்பிரத் 1958-இல் இதை ஒரு மாயவித்தைப் பத்திரிகையில் எழுதினார். நிறங்கள் இப்படி ஜோடி சேரக் காரணம், சீட்டைப் போட்டபோது அந்தப் பாதி தலைகீழாகிவிட்டது. அதனால் இரண்டு குவியலின் மேல்சீட்டுகளும் எப்போதும் எதிரெதிர் நிறம். முதல் இரண்டு சீட்டும் ஒரே குவியலிலிருந்து வந்தாலும், ஆளுக்கொன்றாக வந்தாலும், நிறம் வேறுவேறாகத்தான் இருக்கும். அவற்றை எடுத்தபின் மிஞ்சும் மேல்சீட்டுகளும் மறுபடி எதிரெதிர் நிறம்தான்.

இரண்டாம் முறை கலைக்க மட்டும் விடாதீர்கள், வித்தை போய்விடும். ஆனால் அப்போதும் கட்டு முழுசாகக் கலைந்துவிடுவதில்லை. 14 வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பி, டாய் வெர்னன் என்ற வித்தைக்காரரோடு ஊர் ஊராகச் சுற்றிய பெர்சி டயகோனிஸ், பின்னாளில் கணிதப் பேராசிரியரானார். நன்றாகக் கலைய ஏறக்குறைய ஏழு முறை கலைக்க வேண்டும் என்று அவரும் டேவ் பேயரும் 1992-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

கறுப்பு சிவப்பு கைவந்துவிட்டதா? இப்போது ஸ்டெபின்ஸ் அடுக்கையே எடுத்து, அதே மாதிரி பாதியைப் போட்டு, ஒருமுறை கலையுங்கள். நாலு நாலாக எடுத்தால் ஒவ்வொரு நாலிலும் நாலு இனமும் இருக்கும். திருப்பி அதே வரிசையில் சேர்த்துவிட்டுப் பதின்மூன்றாக எடுத்துப் பாருங்கள். ஏஸ் முதல் ராஜா வரை, ஒன்று விடாமல், ஒன்றுகூட இரட்டிக்காமல் அத்தனையும் இருக்கும்.