கூலிக்குப் பாடுவோரும் வீட்டார் குரலும்



பந்திங், தெலுக் டத்தோ, ஜுக்ரா, கேரித் தீவு ஆகிய இடங்களில் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டுத் தாமான்களிலும் வாழும் நம் குடும்பங்களோடு இன்று ஒரு வீட்டு விஷயத்தைப் பேச விரும்புகிறேன். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் பாடுவதற்கு ஆட்களைக் கூலி பேசி அழைக்கிறோமே, அதைப் பற்றித்தான்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. லயத்தில் ஒரு சாவு விழுந்தால் பாட்டிமார்கள் கூடி ஒப்பாரி வைத்தார்கள். தப்பு அடிக்கத் தோட்டத்திலேயே ஆள் இருந்தது. நலங்கு வைக்கும்போது அத்தைமார்கள் கேலிப் பாட்டுப் பாடினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பிள்ளைகள் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போன பிறகு அந்தக் குரல்கள் சிதறிவிட்டன. இல்லாததை வெளியிலிருந்து வரவழைக்கிறோம். இதில் குற்றம் ஒன்றுமில்லை.

சாவுக்கும் மணத்துக்கும் இசை வேண்டும் என்பது நம்மிடம் மிகப் பழைய வழக்கம். புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் என்ற புலவர், ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்க, இன்னொரு வீட்டில் மணமுழவு ஒலிப்பதைச் சொல்கிறார். சிலப்பதிகாரத்தின் முதல் பகுதிக்குப் பெயரே மங்கல வாழ்த்துப் பாடல். கண்ணகியின் திருமணம் அதில்தான் வருகிறது.

கூலிக்கு அழைப்பதும் புதிதல்ல. 'கூலிக்கு மாரடிப்பது' என்று நாம் வாய்ப்பேச்சாகச் சொல்கிறோமே, அது சாவு வீட்டில் கூலி வாங்கிக்கொண்டு அழுதவர்களிடமிருந்து பிறந்த சொல். ராஜஸ்தானத்தில் அப்படி அழும் பெண்களை ருதாலி என்பார்கள். சென்னையில் மரண கானா பாடுவோர், பிணம் கிடக்கும் வீட்டின் முன் இரவெல்லாம் பாடுவதுண்டு. பழைய ரோமாபுரியில் சாவு வீட்டு ஆடம்பரம் அளவு மீறிப் போய், கி.மு. 450ஆம் ஆண்டு அளவில் எழுதப்பட்ட பன்னிரு பலகைச் சட்டம், ஓர் இறுதிச் சடங்குக்குப் பத்துக் குழலூதிகளுக்கு மேல் கூடாது என்று தடுத்தது. ஊர் மெச்சச் செலவு செய்யும் நோய் நமக்கு மட்டும் வந்ததல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது.

சரி, யாரை அழைப்பது, எதற்கு அழைப்பது? பயிற்சி வேண்டிய இடத்தில் பயின்றவரைத்தான் அழைக்க வேண்டும். தாலி ஏறும் நொடியில் கெட்டிமேளம் முழங்க வேண்டுமானால், நாதசுரக்காரரும் தவில்காரரும் ஐயரின் கைச்சாடையைக் கவனித்து ஒன்றாக எழ வேண்டும். அது பல ஆண்டுப் பழக்கம். தேவாரம் பாடும் ஓதுவார் பண் தெரிந்து பாடுகிறார். யாழ்ப்பாணத்துச் சைவர்கள் சாவு வீட்டில் சுண்ணம் இடிக்கும்போது திருவாசகத்திலுள்ள திருப்பொற்சுண்ணத்தைப் பாடுவார்கள். எந்த நேரத்தில் எதைப் பாடுவது என்பதும் ஒரு கல்வி. அந்தக் கல்விக்கு உரிய கூலியை முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும்.

பறை அடிப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சாவுக்குப் பறையடிப்பதைச் சாதியின் பேரால் சிலர்மேல் சுமத்தி, அவர்களையே இழிவாகவும் நடத்தினார்கள். இன்று அந்தக் கலைக்கு மதிப்பு வந்திருக்கிறது. 2025ஆம் ஆண்டு பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. ஆகவே நம் வீட்டுக்கு வாசிக்க வருபவரை உட்காரச் சொல்லுங்கள், நேரத்துக்குச் சாப்பாடு போடுங்கள், பேசிய பணத்தை வேலை முடிந்தவுடன் கையில் கொடுங்கள்.

ஆனால் பணம் கொடுத்தாலும் கிடைக்காத ஒன்று இருக்கிறது. ஒப்பாரி என்பது செத்தவரின் வாழ்க்கையைச் சொல்லி அழுவது. அம்மா விடியுமுன் பெரட்டுக்கு ஓடியது, பால் வாளி தூக்கித் தோள் காய்த்தது, தான் சாப்பிடாமல் பிள்ளைக்கு வைத்தது - இவையெல்லாம் மகளுக்குத் தெரியும். வாடகைக்கு வந்தவர் பேரைக் கேட்டுக்கொண்டு பாட்டில் சேர்ப்பார். அதற்கு மேல் அவருக்கு என்ன தெரியும்? ஒலிபெருக்கி அலறும்போது, அழ வேண்டிய மகள் வாயடைத்து உட்கார்ந்திருந்தால், அந்தத் துக்கம் எங்கே போய் ஆறும்?

அடுத்தது செலவு. கூலியை வெள்ளிக் கணக்கில் பார்க்காமல் நாள் கணக்கில் பாருங்கள். 2025ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. மாதம் 26 நாள் வேலை என்றால், ஒரு நாளைக்குச் சுமார் 65 வெள்ளி. ஒரு பேச்சுக்கு, ஒரு குழு 1,300 வெள்ளி கேட்கிறது என்று வையுங்கள். அது 20 நாள் உழைப்பு! சில மணி நேரப் பாட்டுக்கு 20 நாள் கொடுக்க நம்மால் முடியுமா? முடிந்தால் கொடுக்கலாம். வட்டிக்கு வாங்கிக் கொடுப்பதானால் வேண்டாம். பாட்டு அன்றைக்கே முடிந்துவிடும். வட்டி முடியாது.

பேசும்போது ஐந்து விஷயங்களைக் கேளுங்கள். எத்தனை பேர் வருவார்கள்? எத்தனை மணி நேரம்? வண்டிச் செலவு யாருடையது? ஒலிபெருக்கி கூலியில் சேர்ந்ததா? நேரம் கூடினால் எவ்வளவு? முன்பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். சாவு வீட்டில் இதை அழுகிற மகனிடம் விடாதீர்கள். நிதானமுள்ள உறவினர் ஒருவர் பேசட்டும்.

கடைசியாக, நம் கையிலேயே இருக்கும் ஒரு வழியைச் சொல்கிறேன். தோட்டத்திலோ தாமானிலோ பத்துப் பேர் சேருங்கள். வாரம் ஒரு மாலை கோயிலில் கூடிச் சிவபுராணத்தையும் சில தேவாரங்களையும் பிழையில்லாமல் பாடப் பழகுங்கள். மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் விழாவில் பாடிய பிள்ளைகள் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை முன்னே நிறுத்துங்கள். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தேவாலயப் பாடற்குழு துணை நிற்கும். யார் வீட்டில் சாவு விழுந்தாலும், கூப்பிடுமுன் இந்தக் குழு போய் நிற்கட்டும். கல்யாணத்துக்கு மேளக்காரரை அழையுங்கள். நலங்குப் பாட்டை மட்டும் அத்தையிடமே விடுங்கள்.

இன்னொன்று. ஒப்பாரியும் நலங்கும் தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால், கைத்தொலைபேசியில் அவர் குரலைப் பதிந்து வையுங்கள். சாவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்று அவர் மறுக்கலாம். கட்டாயப்படுத்தாதீர்கள். தாலாட்டிலிருந்து தொடங்குங்கள். பாட்டிக்குப் பிறகு அந்தப் பாட்டை எந்தக் குழுவும் கொண்டுவந்து தராது.