கத்திக்கு முன்னர்க் காட்சி



அருப்புக்கோட்டைப் பகுதியைச் சார்ந்த குறண்டியில் சமணப் பள்ளி விளங்கியதைப் பழங்கல்வெட்டுகள் கூறும். அச்சமயம் போற்றும் நால்வகைத் தானங்களுள் மருந்துத் தானமும் ஒன்று. மருத்துவ அறிவை ஈவதும் அதன்பாற் படும் என்னும் துணிவால், சினைப்பைப் புற்றுநோய் குறித்துச் சில சொல்ல விழைகின்றேன்.

வயிற்று உப்புசம், சிறிது உண்டதும் வயிறு நிறைதல், அடிவயிற்று வலி ஆகியவற்றை வாயுத்தொல்லை என்றெண்ணி, தறியிலும் காட்டிலும் உழைத்தபடியே நம் பெண்மக்கள் மாதங்களைக் கடத்துகின்றனர். வயிறு பெருத்த பின்னரோ, "கட்டியை உடனே எடுத்துவிடுங்கள்" என வீட்டார் விரைகின்றனர். அவ்விரைவும் தீங்காகலாம். திட்டமின்றிச் செய்த அரைகுறை அறுவையைப் பின்னர்ச் சீர்செய்வது அரிது.

1990ஆம் ஆண்டு இங்கிலாந்து மருத்துவர்கள் ஓர் எளிய கணக்கை வெளியிட்டனர். கட்டியில் பல அறைகள், திண்மப் பகுதி, இருபுறமும் கட்டி, வயிற்றில் நீர், பிறவிடங்களிற் பரவல் ஆகிய ஐந்தனுள் ஒன்று ஸ்கேனில் தெரிந்தால் 1. இரண்டோ மேலோ தெரிந்தால் 3. மாதவிடாய் நில்லாதவர்க்கு 1, நின்றவர்க்கு 3. இவ்விரண்டையும் குருதியிலுள்ள சி.ஏ.125 அளவோடு பெருக்க வேண்டும். விடை 200ஐக் கடந்தால் புற்றுநோய் அறுவை வல்லுநரை நாடுவதே முறை.

தாய்க்கும் மகளுக்கும் சி.ஏ.125 அளவு 80 எனக் கொள்வோம். இயல்பு வரம்பு 35. முப்பது வயது மகளுக்கு ஓர் அடையாளமே எனில் விடை 80. அறுபது வயதுத் தாய்க்கு இரண்டு எனில் விடை 720. குருதி காட்டிய எண் ஒன்றே, பொருளோ வேறு. வயிற்றுக் காசநோயிலும் அவ்வெண் உயரும். தொடக்கநிலைப் புற்றுநோயில் உயராமலும் இருக்கும். ஆதலின் அதனை மட்டும் கண்டு அஞ்சுவதும் தவறு. ஆறுதல் கொள்வதும் தவறு. சினைப்பைக்குள் அடங்கிய கட்டியில் புற்றுநோய் ஐயம் இருப்பின், ஊசியால் குத்திப் பார்த்தலும் ஆகாது; உள்ளிருப்பது வயிற்றிற் சிதறக்கூடும்.

குடலை மூடிய கொழுப்புத் திரை, உதரவிதானம், கல்லீரல் ஆகியவற்றில் நோய் படர்ந்துள்ளதா என்பதைச் சி.டி. ஸ்கேன் காட்டும், மிக நுண்ணிய படிவுகள் அதற்கும் தப்பலாம். கண்ணுக்குத் தெரியும் நோய் எதுவும் எஞ்சாமல் அகற்ற இயலுமெனில் முதலில் அறுவை. இயலாதெனில், திசுச் சோதனையால் நோயை உறுதிசெய்து, பெரும்பாலும் மூன்று சுற்று மருந்து செலுத்தி, மீண்டும் ஸ்கேன் எடுத்து, அதன்பின் அறுவை. "முதலில் மருந்து" என்று மருத்துவர் கூறினால், கைவிட்டார் என்று கலங்காதீர்கள். அறுவைக்கு வழி வகுக்கின்றார் என்றே கொள்ளுங்கள்.

நகையை அடகு வைக்குமுன் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குறித்துக் கேளுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனை அருகிலேயே உள்ளது. சென்னை அடையாற்றில் 1954இல் தொடங்கிய புற்றுநோய் நிலையமும் உள்ளது. ஸ்கேன் படங்களையும் சோதனைத் தாள்களையும் ஒன்றையும் விடாது எடுத்துச் செல்லுங்கள்.

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்பதே மும்மணிகளின் வரிசை. நோயுற்ற தாய்க்கும் அவ்வரிசையே நன்று: முதலில் காணுதல், பின்னர் உணர்தல், அதன்பின் செய்தல்.