கொதிநீர்க் காயமும் எட்டாத எழுத்தும்



புலம்பெயர்ந்தோரின் வரலாறு பெரும்பாலும் கப்பல் பட்டியல்களையும் குடியேற்றப் பதிவேடுகளையும் கொண்டே எழுதப்படுகிறது. ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு நேர்ந்த காயம் அவற்றில் எங்கும் ஏறுவதில்லை. ஆயினும் அந்த வீட்டில் யார் இருந்தார்கள், யார் இல்லை, குழந்தைக்கு எது மறுக்கப்பட்டது என்பனவற்றைப் பதிவேடுகளைவிட அக்காயம் தெளிவாகக் காட்டக்கூடும். எலியாஸ் கனெட்டியின் இளமை நினைவுகள் இதற்குத் தக்க சான்று.

1981இல் இலக்கிய நோபல் பரிசு பெற்ற கனெட்டி, 1905இல் டான்யூப் ஆற்றங்கரையில் உள்ள பல்கேரியத் துறைமுக நகரான ரூசேயில், செபார்டிக் யூதக் குடும்பத்தில், அதாவது 1492இல் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்ட யூதர்களின் வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். அம்முன்னோர் உடன்கொண்டுவந்த லடினோ என்னும் பழைய ஸ்பானிய வழக்கே வீட்டுமொழி. பணிப்பெண்கள் பேசியது பல்கேரியம். பெற்றோர் தமக்குள் மட்டும் பேசிக்கொண்டது பிள்ளைக்கு விளங்காத ஜெர்மன்.

1977இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் விவரிக்கும் நிகழ்ச்சி எழுத்தின்மீது கொண்ட ஆசையில் தொடங்குகிறது. பள்ளி செல்லத் தொடங்கியிருந்த, உறவுமுறையில் அக்காளான சிறுமி தன் நோட்டைக் காட்ட மறுத்து, அதைக் கைக்கெட்டாத சுவர்மேல் வைத்துவிட, சிறுவன் கோடரியைத் தூக்கிக்கொண்டு அவளைக் கொல்லப் புறப்பட்டான், பாட்டனார் தடுத்தார். பின்னர் ஒருநாள் அவள் தள்ளிவிட்டதில், குடிப்பதற்கென்று ஆற்றுநீரைக் காய்ச்சிவைத்திருந்த அண்டாவுக்குள் விழுந்து, தலை தவிர உடலெங்கும் வெந்துபோனான். அப்போது இங்கிலாந்து சென்றிருந்த தந்தையைக் கேட்டு அவன் அரற்றியதையும், அவர் திரும்பியபின் தேறியதையும் கனெட்டி வலியினும் மேலாக நினைவுகூர்கிறார். மருத்துவத்துக்கு இதில் பங்கில்லை என்று யாரும் கொள்ள வேண்டியதில்லை. வெந்த புண்ணையும் தந்தையின் பிரிவையும் அப்பிள்ளை ஒரே வேதனையாக அனுபவித்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. 1911இல், பாட்டனார் தம் மகனைச் சபித்தும் கேளாமல், குடும்பம் மான்செஸ்டருக்குப் பெயர்ந்தது. மறு ஆண்டே தந்தை திடீரென இறந்தார்.

வாழ்வின் முதல் சில ஆண்டுகள் பின்னாளில் நினைவுக்கு எட்டாமற்போவதை உளவியலார் குழந்தைப்பருவ மறதி என்பர். அதன்பின் நிலைப்பவையும் வீட்டார் திரும்பத் திரும்பச் சொல்வதால் உருப்பெறுகின்றன. கனெட்டியின் நினைவுகளோ மேலும் ஒரு படி கடந்தவை. லடினோவிலும் பல்கேரியத்திலும் நிகழ்ந்தவற்றுள் பெரும்பாலானவை, அப்போது அவர் அறிந்திராத ஜெர்மனிலேயே தம் மனத்தில் பதிந்திருப்பதாகவும், கொலை, அச்சம் போன்ற கடுமையான சில மட்டும் லடினோவில் அப்படியே தங்கிவிட்டதாகவும் அவர் கூறுகிறார். இத்தகைய நினைவை நீதிமன்றச் சாட்சியமாக ஏற்பது கடினம். அதற்காக அதை ஒதுக்கிவிடும் வரலாற்றாய்வாளர் நல்ல சான்று ஒன்றை இழக்கிறார்.

அந்த ஜெர்மன் மொழியும் நோகாமல் வந்ததன்று. கணவரை இழந்த தாய் 1913இல் லோசான் நகரில், எட்டு வயது மகனுக்குப் புத்தகத்தைக் காட்டாமலேயே தொடர்களை வாயால் சொல்லி ஒப்பிக்கவைத்து, தவறியபோதெல்லாம் ஏளனம் செய்து, சில மாதங்களில் அதைக் கற்பித்தார். எட்டாத நோட்டுக்காகக் கோடரி தூக்கிய பிள்ளை இம்முறை பொறுத்துக்கொண்டான். பின்னாளில் தம் நூல்கள் அனைத்தையும் கனெட்டி ஜெர்மனிலேயே எழுதினார் என்றாலும், இன்று கல்வியியலில் பட்டம் பெறுவோர் எவரும் இம்முறையை வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல முயல மாட்டார்கள் என நம்பலாம்.