வெண்பலகையா, செயலிக் கருவியா?



கணினி நிரல் பயிலும் நம் இளைஞர் சிலர், "எக்ஸ்காலிட்ரா போன்ற திறந்த மூல வெண்பலகையை முதலிற் பழகுவதா, அப்ஸ்மித் போன்ற குறைநிரற் கருவியைப் பழகுவதா?" என வினவுகின்றனர். வெண்பலகையென்பது பலர் ஒருங்கே கூடித் திரையிற் படம் வரையும் பலகை. குறைநிரற் கருவியோ படிவம், அட்டவணை, பொத்தான் முதலியவற்றை இழுத்து வைத்து, சிறிதளவே நிரல் எழுதிச் செயலியொன்றை ஆக்க உதவுவது.

நம் கரையோரத்துக் கடற்றொழிலாளர் சங்கமொன்று தன் வள்ளப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்ற எண்ணுகிறது எனக் கொள்வோம். குறைநிரற் கருவியில் ஒரு மாலைப்பொழுதிலேயே அழகிய திரை எழுந்துவிடும். அதைக் காணும் சம்மாட்டி, வேலை முடிந்ததென்றெண்ணி, "நல்லது தம்பி" என்று சொல்லிப் போய்விடுவார். வள்ளம் தம்முடையது, இயந்திரம் மைத்துனருடையது, வலை இருவருக்கும் பொது என்பதை அவர் வாய்திறந்து சொல்லமாட்டார். திரையில் 'உரிமையாளர்' என்று ஒரேயொரு கட்டந்தானே இருக்கிறது! 2020இல் தோன்றிய எக்ஸ்காலிட்ராவின் கோடுகளோ கையால் வரைந்தனபோலக் கோணலாகவே விழும். வேண்டுமென்றே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். கோணற் கோட்டைத் திருத்த எவரும் கூசார். ஆதலின் வெண்பலகையே முந்தியது என்பது என் துணிபு.

பின்னர் எந்தச் செயலிக் கருவி? சென்னையில் வளர்ந்த சோகோ நிறுவனம் 2006இல் வெளியிட்ட கிரியேட்டர் பழக எளியது. தமிழர் பெருமைகொள்ளத் தக்கது. எனினும் அதன் டெலுஜ் மொழி அந்நிறுவனத்துக்கு வெளியே ஓடாது. சேர்த்த தகவலை எடுத்துச் செல்லலாம். எழுதிய விதிகளை எடுத்துச் சென்று பயனில்லை. பெங்களூரில் 2019இல் தோன்றிய அப்ஸ்மித் அப்பாச்சி உரிமத்தில் கிடைப்பது. நம் சொந்தக் கணினியிலேயே நிறுவலாம், தகவலும் நம் தரவுத்தளத்திலேயே இருக்கும். அதைப் பராமரிக்க யாருளர் என்று பெரியோர் கேட்பது நியாயமே. பொறுப்பேற்க ஒருவருமில்லாத சங்கத்துக்குக் கிரியேட்டரே மேல் என்பேன். உரிமமும் மாறாப் பொருளன்று: 2021இல் எம்.ஐ.டி. உரிமத்தில் வந்த டீஎல்ட்ரா என்னும் வெண்பலகையின் பிந்திய பதிப்புகள் தனி உரிமத்துக்குள் போய்விட்டன.

கேட்கவேண்டியதை முதலிற் கேட்டு, ஆக்கியதை எல்லார்க்கும் திறந்துவைத்த வேலையொன்று நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மோதியபின், கொழும்பில் தொண்டர்கள் சஹானா என்னும் மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் நிவாரணம் என்பது பொருள். காணாமற்போனோர் யார், முகாம்கள் எங்கெங்கே, எந்த அமைப்பு எதைச் செய்கிறது, எங்கே எது தேவை என்னும் வினாக்களே அதன் பகுதிகளாயின. மூலநிரல் திறந்திருந்தமையால், 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அங்குள்ளோரும் அதனை எடுத்தாண்டனர்.

வள்ளப் பதிவேட்டை எடுத்துச் செய்ய விரும்பும் இளைஞர்கள், சம்மாட்டிமார் வலை பொத்தும் வேளையில் மடிக்கணினியோடு போய்ப் பக்கத்தில் அமரட்டும். வெண்பலகையைத் திறக்கக் கணக்கும் வேண்டாம், காசும் வேண்டாம்.