சன்னல் கண்ணாடியும் காவல் மணியும்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



பாடுபட்டு வளர்த்த பயிரைக் காய் முற்றும் தறுவாயில் காட்டுப்பன்றி ஒரே இரவில் கிளறிவிட்டுப் போய்விடுகிறது. இரவெல்லாம் கண்விழித்துக் காவல் காப்பது எல்லோராலும் இயலாது. எனவே, நடமாட்டத்தை அறிந்து மணி ஒலிக்கும் சிறு மின்னணுக் கருவியைப் பற்றியும், அதில் நான் செய்த தவற்றைப் பற்றியும் கூற விரும்புகிறேன்.

எங்கள் நிலக்கடலை வயலில், மோட்டார் அறைச் சன்னலுக்குப் பத்தடி எதிரேயுள்ள வரப்பு வழியாகத்தான் பன்றி இறங்கும். மழையில் நனையக் கூடாதென்று கருவியைச் சன்னல் கண்ணாடிக்கு உட்புறம் பொருத்தினேன். அறைக்குள் கையை அசைத்துப் பார்த்தேன், மணி ஒலித்தது. நம்பிப் படுத்தேன். விடிந்து பார்த்தால் ஐந்து சென்ட் கடலை பாழாகிக் கிடந்தது. மணி ஒருமுறைகூட ஒலிக்கவில்லை!

காரணம் என்ன? கடைகளில் 'பி.ஐ.ஆர். சென்சார்' என்று கிடைக்கும் இக்கருவி, உயிர்களின் உடலிலிருந்து வெளிப்படும் வெப்பக் கதிர்களைக் கொண்டே நடமாட்டத்தை அறிகிறது. இக்கதிர்களின் அலைநீளம் சுமார் 10 மைக்ரான். சன்னல் கண்ணாடி சூரிய ஒளியை உள்ளே விடும். ஆனால் இக்கதிர்களை விடாது. நம் கண்ணுக்குத் தெரியும் பன்றி கருவிக்குத் தெரியாமற் போனது இதனால்தான். கருவியின் வெள்ளைக் குமிழ் கண்ணாடியன்று. வெப்பக் கதிர்களை விடக்கூடிய மெல்லிய பாலித்தீன்.

ஆகவே, கருவியைச் சன்னலுக்கு வெளியே, மழை படாமல் இறவாரத்தின் கீழ், வெயில் நேரே விழாதவாறு பொருத்த வேண்டும். குமிழைக் கண்ணாடியால் மூடலாகாது. பன்றி வரும் வழி கருவிக்குக் குறுக்காக அமைவது நலம். நேர் எதிரே வருவதைக் கருவி அவ்வளவு எளிதில் அறியாது.

எச்.சி.எஸ்.ஆர். 501 என்னும் வகைக்கு 12 வோல்ட் பாட்டரி போதும். சுமார் 7 மீட்டர் வரை அறியும். மின்சாரம் கொடுத்தபின் ஒரு நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். இதிலிருந்து வரும் 3.3 வோல்ட் மணியை இயக்காது. எனவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் பி.சி. 547 டிரான்சிஸ்டரும் இடையில் சேர்த்து, 12 வோல்ட் சிறு பஸ்ஸரை இணைக்க வேண்டும்.

உள்ளிருந்தேதான் பார்க்க வேண்டுமெனில், ஆர்.சி.டபிள்யூ.எல். 0516 என்னும் ரேடார் வகையைப் பயன்படுத்தலாம். அதன் அலைகள் கண்ணாடியை ஊடுருவும், தகரத்தை ஊடுருவா. ஆனால் அறைக்குள் நீங்கள் புரண்டு படுத்தாலும், வெளியே வாழையிலை ஆடினாலும் அது ஒலிக்கக்கூடும்.

எதைப் பொருத்தினாலும், ஒருவரை வரப்பில் நடக்கச் சொல்லிச் சோதித்த பின்னரே நம்புங்கள். நான் அறைக்குள் சோதித்தேன், வரப்பில் சோதிக்கவில்லை. அதுவே என் தவறு.

இறுதியாக ஒன்று. மணி நம்மை எழுப்பத்தான். பன்றியைக் கொல்ல அன்று. வேலியில் வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம். இருட்டில் அவ்வேலியைத் தொடுவது நம் பிள்ளையாகவும் இருக்கலாம். பயிர் போனால் மறு போகம் உண்டு. உயிர் போனால் இல்லை.