ஒரே கடை, ஒரே குடி, வேறு இதயம்

யோங் பெங்கிலிருந்து லாபிஸ் போகும் வழியில் இருக்கிறது சாஆ பட்டணம். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். இப்படிப்பட்ட ஊர்களில் துக்க வீட்டுக்குப் போனால் ஒரு பேச்சு காதில் விழும். "பெரியப்பா நாப்பது வருசம் சம்சு குடிச்சாரு, ஒன்னும் ஆகல. இவன் பத்து வருசத்துல போயிட்டான். குடிச்சே செத்தான்."

அத்தோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் அது பாதி உண்மைதான்.

தினமும் 80 கிராம் மதுசாரம், அதாவது 320 மில்லி பீர் டின்னில் ஏறக்குறைய ஆறு, ஐந்து வருடங்களுக்கு மேல் குடித்தால் இதயத் தசை தளர்ந்து, அறைகள் விரிந்து, இரத்தத்தைத் தள்ளும் பலம் குறையலாம். கால் வீங்கும், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். ஆனால் அப்படிக் குடிப்பவர் எல்லாருக்கும் இது வருவதில்லை. ஏன்?

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. மதுவால் இதயம் பழுதான 141 பேரின் மரபணுக்களைப் பார்த்தார்கள். நூற்றுக்குப் பத்துப் பேரிடம் 'டைட்டின்' மரபணு குறைபட்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்த்த மற்றவர்களிடம் அது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. டைட்டின் என்பது இதயத் தசைக்குள் சுருள்வில் போல வேலை செய்யும் புரதம். வில் பிறவியிலேயே பலவீனம். அதன் மேல் மதுவின் சுமை. இக்குறை இல்லாதவர்களுக்கும் குடியால் இதயம் கெடும் என்பதை மறந்துவிடக் கூடாது. பெரியப்பாவின் கதை யாருக்கும் உத்தரவாதம் அல்ல.

மரபணு என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வரும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் ஹைதராபாத் ஆய்வாளர்களும் பங்கேற்ற 2009 ஆய்வு, இந்தியத் துணைக்கண்ட வம்சாவளியினரில் நூற்றுக்கு நான்கு பேரிடம் வேறோர் இதயத் தசை மரபணுக் குறையைக் கண்டது. அது வேறு மரபணு, அதைக் குடியோடு முடிச்சுப் போட வேண்டாம்.

கவலை இறந்தவரின் பிள்ளைகளைப் பற்றித்தான். டைட்டின் குறை தகப்பனிடம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு. "குடிச்சே செத்தான்" என்று வீட்டார் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டால், டாக்டருக்கு அது எப்படித் தெரியும்? மகன் கிளினிக்கில் வெறும் களைப்பு என்று சொல்லி மாத்திரை வாங்கித் திரும்புவான். "அப்பாவுக்கு இதயம் வீங்கியிருந்தது, சித்தப்பாவுக்கும் அப்படியே" என்று சொன்னால், டாக்டர் எக்கோ ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்க முடியும். குடியை நிறுத்திய பலருக்கு இதயத்தின் பலம் ஓரளவு திரும்பியும் இருக்கிறது, அதுவும் ஆரம்பத்திலேயே நிறுத்தியவர்களுக்கு.